கடிதம் பழைய ஓனருக்கு, கோளாறு புது ஓனருக்கு

"டோரை ஒரு தடவை சாத்திப் பாருங்க சார். அந்தச் சத்தத்துக்கே தனியா காசு கொடுக்கலாம்" என்றார் புரோக்கர்.

என் மைத்துனன் சாத்தினான். 'தொம்' என்று கனமாக விழுந்தது கதவு. அவன் முகத்தைப் பார்த்தேன். வண்டி பாதி விற்றாகிவிட்டது.

கூடுவாஞ்சேரியைத் தாண்டி, ஜிஎஸ்டி சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு பழைய கார் யார்டு. நாங்கள் பார்க்கப் போனது 2018 மாடல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட், டீசல், வெள்ளை. சிங்கிள் ஓனர், அதுவும் டாக்டர் வண்டியாம் (பழைய கார் யார்டுகளில் டாக்டர் ஓட்டாத வண்டி இதுவரை என் கண்ணில் பட்டதில்லை). இன்சூரன்ஸ் கரண்ட்டில் இருக்கிறது, கடனுக்கான ஹெச்.பி. கேன்சல் ஆகிவிட்டது, நாலு டயரும் போன வருஷம் போட்டது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். எல்லாம் முடிந்ததும் நான் ஒன்று கேட்டேன்.

"இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது வந்திருக்காண்ணே? வந்திருந்தா, செஞ்சிட்டாங்களா?"

ரீகால் என்றால், விற்ற வண்டியில் கோளாறு என்று தெரிந்து கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்துதருவது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கம்பெனியே மூட்டை கட்டிட்டுப் போயிடுச்சு. ரீகால் யாரு சார் பண்ணுவா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட இடத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால், அதே சாலையில், மறைமலைநகர் ஃபோர்டு ஆலை. 2013 ஜூனில் ஐந்தரை லட்சத்துச் சொச்சம் ஆரம்ப விலையில் வந்து, நான்கு மீட்டருக்குள் அடங்கும் காம்பேக்ட் எஸ்யுவி என்ற வகைக்கே நம் ஊரில் வெறி கிளப்பிய எக்கோஸ்போர்ட், அங்கேதான் பிறந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னது. ஈட்டுத்தொகைக்காகத் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய அந்தக் கோடைக்குப் பிறகு, 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது.

ஆலை நின்றது. வண்டிகள் நிற்கவில்லை. நம் ஊரில் மட்டுமல்ல, அமெரிக்காவின் டெக்சாஸிலும் ஒஹையோவிலும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. கை மாறி, ஊர் மாறி, மூன்றாவது நான்காவது ஓனரிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. புரோக்கர் கேட்ட கேள்விக்கான பதிலில் ஒரு பெரிய பகுதி அங்கேதான் இருக்கிறது.

முதல் மூன்று எழுத்து

ஒவ்வொரு காருக்கும் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. நாம் சேசிஸ் நம்பர் என்கிறோம். அதில் முதல் மூன்று இடம், எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தது என்பதைச் சொல்லும். இந்தியாவில் ஃபோர்டு செய்த வண்டிகளுக்கு எம்-ஏ-ஜே. அமெரிக்காவுக்குப் போன எக்கோஸ்போர்ட்டில் பத்தாவது எழுத்து மாடல் வருஷம்: 2018க்கு 'ஜே', 2019க்கு 'கே', அப்படியே வரிசையாக. பதினோராவது எழுத்து ஆலை. 'சி' என்றால் சென்னை.

அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பைக் கவனிப்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். ரால்ஃப் நேடர் 1965இல் கார் கம்பெனிகளைத் தோலுரித்து ஒரு புத்தகம் எழுதி, அடுத்த வருஷமே அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1970இல் இந்த அமைப்பு உருவானது. யார் வேண்டுமானாலும் தன் கார் பற்றி அங்கே புகார் எழுதலாம். முதல் ஓனரா மூன்றாம் ஓனரா என்று யாரும் கேட்பதில்லை. எழுதியது, பேர் விலாசம் மட்டும் நீக்கப்பட்டு, ஊர் பார்க்க வெளியாகிவிடும். சேசிஸ் எண்ணில் முதல் பதினொன்று மட்டும் தெரியும், கடைசி ஆறு மறைக்கப்பட்டிருக்கும்.

எக்கோஸ்போர்ட் புகார்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. யார் வண்டி என்பது மறைந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் எம்-ஏ-ஜே என்று தொடங்கி 'சி' என்று நிற்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் தன் வண்டி நடுவழியில் நின்ற கதையை அங்கே எழுதுகிறார். அந்த வண்டி, நான் எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்துபோன காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் செய்தது.

அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே காட்சி. நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு எரிகிறது. ஒதுக்கி நிறுத்த இடம் தேடுவதற்குள் என்ஜின் போய்விடுகிறது. டீலரிடம் இழுத்துக்கொண்டு போனால், என்ஜினையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வாரண்டி முடிந்த பழைய வண்டி என்றால் அந்தச் செலவு வண்டியின் விலையையே தொட்டுவிடும்.

தையல் மெஷின் பெல்ட்

நடந்தது இதுதான். அமெரிக்க எக்கோஸ்போர்ட் இரண்டு என்ஜினில் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு 2.0 லிட்டர். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் விலை குறைந்த வண்டிக்கு 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. எக்கோபூஸ்ட் என்று பேர். விருதுகள் அள்ளிய என்ஜின் அது. கோளாறு இந்தச் சின்ன என்ஜினில்.

என்ஜினின் அடிப்பகுதியில் ஆயில் பம்ப் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது பல் வைத்த ஒரு சின்ன பெல்ட் அந்தப் பம்பைச் சுற்றிவிடும். பெல்ட் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடுவதால் மெக்கானிக்குகள் இதை 'வெட் பெல்ட்' என்பார்கள். பெல்ட் தொய்ந்துவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒரு டென்ஷனர். அந்த டென்ஷனரின் கை முறிந்து கழன்றுவிடலாம், அல்லது பெல்ட்டின் பற்கள் நைந்து உதிர்ந்துவிடலாம். எது நடந்தாலும் பம்ப் நின்றுபோகும். வீட்டுத் தையல் மெஷினில் பெல்ட் தளர்ந்தால் எப்படி இருக்கும்? கால் மிதித்துக்கொண்டே இருக்கும், கீழே சக்கரமும் சுற்றும், மேலே ஊசி மட்டும் அசையாது. அதே கதை. வித்தியாசம், தையல் மெஷினில் துணிதான் நிற்கும். இங்கே ஆயில் போகாத என்ஜின் சூடேறி இறுகிப் போகும்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. என்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் பவர் உதவியும் போய்விடும். முதல் ஓரிரு மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் இருக்கும், ஆனால் முழு பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டும். பின்னால் பெரிய லாரி வரும்போது, நடு லேனில், இதை முதல்முறையாக யாரும் கற்றுக்கொள்ள விரும்பமாட்டார்கள்.

2023 டிசம்பர் கடைசியில் ஃபோர்டு ரீகால் அறிவித்தது. 23வி905 என்பது அதன் எண். 1.0 லிட்டர் என்ஜின் கொண்ட 2018 முதல் 2022 வரையிலான எக்கோஸ்போர்ட்டும், 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸும் சேர்த்து கிட்டத்தட்ட 1 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகள்.

ஃபோகஸ் என்ற பேரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். எக்கோஸ்போர்ட் புகார் பேச்சில் 'இந்தியாவில் செய்தது, அதான் இப்படி' என்ற குரலுக்கும் பஞ்சமில்லை. அந்த ஃபோகஸ் மிச்சிகனில், வேய்ன் ஆலையில், அமெரிக்கத் தொழிலாளர்கள் பூட்டியது. கோளாறு என்ஜினின் வடிவமைப்போடு வந்தது. வண்டியை எந்த ஊர்க் கை பூட்டியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறைமலைநகர் ஆட்களுக்கு வேலை போனது போதும், இந்தப் பழியும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்க ரீகால். நம் ஊரில் அதிகம் ஓடுவது 1.5 லிட்டர் டீசலும் பெட்ரோலும். 'எக்கோஸ்போர்ட் என்ஜின் ரீகாலாம்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டால், எந்த நாடு, எந்த என்ஜின் என்று கேட்காமல் பதற வேண்டாம். நம் ஊருக்கு வந்த ரீகால்கள் வேறு.

கடிதம் போகும் வழி

அமெரிக்கச் சட்டப்படி ரீகாலை அறிவித்த கம்பெனி, அரசுக்குத் தகவல் சொன்ன 60 நாளுக்குள் ஓனர்களுக்குத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும். வண்டி முதலில் விற்ற நாளிலிருந்து 15 வருஷம் வரை பழுதை இலவசமாகச் சரிசெய்துதர வேண்டும். எத்தனையாவது ஓனர் என்பது பொருட்டே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிதம் போவது பதிவேட்டில் இருக்கும் பேருக்கு. வண்டி அந்த நேரத்தில் ஏலக் கூடத்திலோ பழைய கார் யார்டிலோ நின்றால்? விற்றவர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, 'நம்மகிட்ட இல்லையே' என்று குப்பையில் போடுவார். வாங்கப் போகிறவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது.

புது வண்டியை ரீகால் முடிக்காமல் விற்க அமெரிக்க டீலருக்கு அனுமதி இல்லை. பழைய வண்டியை விற்கலாம்! கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. 2004இல் கலிஃபோர்னியாவில் ரேச்சல், ஜாக்குலின் ஹௌக் என்ற அக்கா தங்கை, வாடகைக்கு எடுத்த கிரைஸ்லர் பிடி குரூசர் தீப்பிடித்து லாரியில் மோதி இறந்தார்கள். அந்த வண்டிக்கு ஏற்கெனவே ரீகால் வந்திருந்தது. சரிசெய்யாமலே வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர்களுடைய அம்மா பதினொரு வருஷம் அலைந்து, மகள்கள் பேரிலேயே 2015இல் ஒரு சட்டம் கொண்டுவர வைத்தார். 35 வண்டிக்கு மேல் வைத்திருக்கும் வாடகைக் கம்பெனிகள் ரீகால் முடிக்காத வண்டியைக் கொடுக்கக் கூடாது. சட்டம் வாடகை வண்டியோடு நின்றுவிட்டது. விற்கிற பழைய வண்டிக்கு இன்னும் அது இல்லை.

அடுத்த வருஷம், 2016இல், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், கார்மேக்ஸ் போன்ற பெரிய பேர்கள் எல்லாம் 'நூற்றுக்கு மேற்பட்ட அம்சங்களைப் பரிசோதித்த பழைய வண்டி' என்று விளம்பரம் செய்தன. அந்த வண்டிகளில் சிலவற்றுக்கு ரீகால் நிலுவையில் இருந்ததைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. கடைசியில், ரீகால் இருக்கலாம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு உடன்பாடு ஆனது. அத்தனை அம்சம் பார்க்கிற மெக்கானிக், கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை அடித்துப் பார்க்க நேரமில்லாமல் போனாரோ என்னவோ!

ஆஸ்திரேலியக் கதை இதைவிடக் கசப்பு. ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வண்டிகளில் வந்த 'பவர்ஷிஃப்ட்' ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், மெதுவாகப் போகும்போது உதறும். நம் ஊரிலும் எக்கோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வந்ததை நினைவுள்ளவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அங்கே புகார் சொன்னவர்களிடம் 'நீங்க ஓட்டுற விதம் அப்படி' என்றார்கள். உதறல் விட்டுவிட்டுத்தான் வரும் என்று தெரிந்தும், டீலர் முன்னால் உதற வைத்துக் காட்டச் சொன்னார்கள். பல்வலி டாக்டரைப் பார்த்ததும் நிற்குமே, அதை வைத்தே நோய் இல்லை என்பது மாதிரி. ரொம்ப அழுத்திக் கேட்டவர்களிடம் மேலே பணம் வாங்கிக்கொண்டு வேறு வண்டி கொடுத்தார்கள். திரும்ப வாங்கிய வண்டியை, அதன் பிரச்சினையைச் சொல்லாமலே வேறு ஆட்களுக்கு விற்றார்கள். 2018 ஏப்ரலில் அந்நாட்டு நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அந்த வண்டிகளை இரண்டாவதாக வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். முதல் ஓனர் மாதக்கணக்கில் கத்திய கத்தலெல்லாம் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது. இவருக்கு அது வாக்யூம் போட்டுத் துடைத்த, வாசனை அடித்த வண்டி.

நம் ஊர்ச் சட்டம், ஏழு வருஷம்

இந்தியாவில் ரொம்ப காலம் ரீகால் என்பது கம்பெனியின் மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயம். 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர்கள் சங்கம் தாங்களாகவே ஒரு விதிமுறை வகுத்துக்கொண்டது. அதன்படி நடந்தவைதான் எக்கோஸ்போர்ட் ரீகால்களும். 2016இல் சுமார் 48 ஆயிரம் டீசல் வண்டிகள், எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் செல்லும் கட்டைச் சரிசெய்ய அழைக்கப்பட்டன. 2018 ஜூலையில் இரண்டு அறிவிப்பு ஒன்றாக வந்தது. 2017 மே, ஜூன் மாதங்களில் செய்த 4,379 வண்டிகளில் முன்பக்க லோயர் கன்ட்ரோல் ஆர்மின் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. அது விட்டுப்போனால் ஸ்டியரிங் கட்டுப்பாடே பாதிக்கும். 2017 நவம்பர், டிசம்பரில் செய்த 1,018 வண்டிகளில் முன் சீட்டு சாய்மானப் பூட்டை மாற்ற. இரண்டுமே, பாருங்கள், ஒன்றிரண்டு மாதத்தில் செய்த வண்டிகள். 'எக்கோஸ்போர்ட் நல்ல வண்டியா?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மாசம், எந்த எண் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

சட்டக் கட்டாயம் வந்தது பிறகுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவு, வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவு போட அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. ஓனர்கள் அரசின் வாகன் தளத்தில் புகார் பதியலாம். ஒரு மாடலுக்குக் குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால் விசாரணை. தானாக ரீகால் செய்யாமல் உத்தரவு போட வைத்தால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம்.

நல்லதுதான். ஆனால் இந்தக் கட்டாய ரீகால் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும். மெட்டல் களைத்து, ரப்பர் வெடித்து, வெல்டிங் தன் குணத்தைக் காட்டத் தொடங்குவது எப்போது? அந்த வண்டி யாரிடம் இருக்கும்? புது வண்டிக்கு வசதியில்லாமல், கடன் வாங்கிப் பழைய வண்டி எடுத்த ஆளிடம். சட்டம் வாசலைச் சாத்தும்போது அவர் அப்போதுதான் படியேறி வருகிறார். இந்த ஏழு என்ற எண்ணை யார் எந்தக் கணக்கில் போட்டார்களோ, எனக்கு அது உற்பத்தியாளர் வசதிக்குப் போட்ட எண்ணாகத்தான் படுகிறது.

மறைமலைநகர் ஆலையின் கதையும் இதற்குள் ஒரு திருப்பம் கண்டிருக்கிறது. ஏற்றுமதிக்காக அதை மறுபடி பயன்படுத்தப் போவதாக 2024இல் ஃபோர்டு தமிழக அரசிடம் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவிப்பு வந்தது. கார் அல்ல. 2029 முதல் என்ஜின்.

யார்டுக்குத் திரும்புவோம்.

டிரைவர் சீட் பக்கம் மிதியடியைத் தூக்கினோம். கார்பெட்டில் வெட்டிவைத்த சின்ன மூடியைப் பிரித்தால், தகட்டில் குத்திய எழுத்துகள். மண் அடைத்திருந்தது. மைத்துனன் எச்சில் தொட்டுத் துடைத்தான். எம், ஏ, ஜே. ஆர்சியில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம், பொருந்தியது. போட்டோ எடுத்து, தெரிந்த ஒரு சர்வீஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பாத்துட்டுச் சொல்றேன் சார், பத்து நிமிஷம்" என்றார். வண்டி விற்பதை நிறுத்தினாலும், விற்ற வண்டிகளுக்கான சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று போகும்போதே ஃபோர்டு சொல்லியிருந்தது. அந்த எண்ணுக்கு என்ன செய்யப்பட்டது, என்ன நிலுவை என்பது சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரில் வந்துவிடும். இதற்குக் காசும் கிடையாது.

புரோக்கர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வரவழைத்தார். பாதி குடிக்கும்போது பதில் வந்தது: ஒரு ரீகால் இருந்தது, 2018லேயே முடித்தாகிவிட்டது, இப்போது நிலுவை எதுவும் இல்லை.

"பாத்தியா மாமா, நான் சொன்னேன்ல" என்றான் மைத்துனன். அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை.

புரோக்கர் டம்ளரை வைத்துவிட்டு, பின்வரிசையில் நின்ற ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினார். அது வேறு கம்பெனி. "போன வாரம்தான் எடுத்தேன் சார். கொஞ்சம் பெரிய காசு மாட்டிக்கிச்சு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அந்த நம்பரையும் ஒரு கை பாத்துடுறீங்களா?"